திருவிதாங்கூர்ச் சங்கங்கள் – 6: அமாவாசைச் சோற்றில் பிறந்த யோகம்

'யோகம்' என்று சொன்னால் தமிழர் காதில் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் விழும், இல்லாவிட்டால் அதிர்ஷ்டம். மலையாளத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: கூடி முடிவெடுக்கும் சபை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் பழங்காலத்தில் 'எட்டரை யோகம்' என்ற சபையின் பொறுப்பில் இருந்தது. சபையார் எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு வாக்கு, அரசருக்கு அரை வாக்கு என்பது மரபு. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா அந்தச் சபையின் அதிகாரத்தைக் குறைத்தார். ஆனாலும் கோயில் சொத்தும் நிலமும் பற்றிப் பேச உரிமை பெற்றவர்களின் சபை என்ற பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக்கூட உரிமை இல்லாத ஒரு சமூகத்தார் 1903இல் தங்கள் சங்கத்துக்குப் பெயர் தேடியபோது இதே சொல்லைத்தான் எடுத்தார்கள். ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம், சுருக்கமாக எஸ்.என்.டி.பி. யோகம், பிறந்த கதை திருவனந்தபுரம் மாவட்டத்து ஆற்றங்கரை ஒன்றில் மாதம் ஒருமுறை போட்ட சோற்றில் தொடங்குகிறது.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அன்னதானத்துக்குக் குறைவில்லை. அரசு செலவில் ஊட்டுப்புரைகள் நடந்தன. வழிப்போக்கரான பிராமணருக்கு அங்கே இலவசச் சாப்பாடு. பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறஜபத்துக்கு வேதம் ஓதுவோர் கூட்டமாக வந்து தங்கினார்கள். அவர்களுக்கு விருந்தும் தட்சிணையும் கஜானாவிலிருந்து போயின. நாட்டைப் பத்மநாபனுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு அவனுடைய தாசனாக ஆள்வதாகச் சொன்ன அரசில் இது ராஜதர்மம். வரி கட்டியவர்களில் பெரும்பகுதியினர் அந்தப் பந்தியின் பக்கம் போக முடியாது என்பது அப்போது யாருக்கும் முரணாகத் தோன்றவில்லை. சங்கத்துக்குப் பெயர் தேடிய அந்தச் சமூகத்தாரான ஈழவர்கள் இந்தப் பெரும்பகுதியில் சேர்ந்தவர்கள். தென்னையும் கள்ளும் கயிறும் தறியும் அவர்கள் பிழைப்பு. வைத்தியமும் சம்ஸ்கிருதமும் படித்த குடும்பங்களும் அவர்களிடையே இருந்தன.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே செம்பழந்தியில் அப்படியொரு குடும்பத்தில் 1850களின் நடுவில் பிறந்தவர் நாராயணன். சம்ஸ்கிருதத்தோடு தமிழும் நன்றாகக் கற்றார். 'ஒழிவிலொடுக்கம்' நூலையும் திருக்குறளின் ஒரு பகுதியையும் பிற்காலத்தில் மலையாளத்தில் ஆக்கினார். நகரத்தில் ரெசிடென்சி அலுவலகத்தில் வேலை பார்த்த தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகப் பயிற்சி பெற்றார். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் உள்ள மருந்துவாழ்மலைக் குகையில் தவமிருந்தார். பின்னர் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் வந்து தங்கினார்.

1888ஆம் ஆண்டு சிவராத்திரி. நள்ளிரவில் நாராயண குரு ஆற்றில் சங்கரன்குழி என்ற ஆழமான கயத்தில் இறங்கி, ஒரு கல்லை எடுத்துவந்து பாறைமேல் சிவனாக நிறுவினார். பிரதிஷ்டை செய்யும் உரிமை பிராமணருக்கு மட்டுமே என்றிருந்த நாட்டில் இது பெரிய துணிச்சல். கேள்வி கேட்டு வந்தவர்களிடம், தாம் நிறுவியது ஈழவச் சிவனை என்று குரு சொன்னதாக ஊரில் வழக்கு. அந்தப் பதிலைக் கேரளத்தில் எல்லோரும் அறிவர். கோயிலில் குரு எழுதிவைத்த வாசகத்துக்கு அதைவிடக் கனம் அதிகம். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறப்புகளாக வாழும் முன்மாதிரி இடம் இது என்பது அதன் பொருள். உடன்பிறப்பு என்பதற்கு அவர் ஆண்ட சொல் சோதரத்துவம். பின்னால் வந்த சங்கம் தன்னை அளந்துகொண்ட, சில வேளை அளக்க அஞ்சிய, கோல் அந்த ஒரு சொல்.

கோயில் வந்ததும் வேலைகள் வந்தன. விளக்கு எரிய வேண்டும். பூசை நடக்க வேண்டும். வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். பக்தர்கள் சேர்ந்து ஒரு சிறு சங்கம் அமைத்தார்கள். அதற்கு வாவூட்டு யோகம் என்று பெயர். மலையாளத்தில் வாவு என்றால் அமாவாசை. நம் ஆடி அமாவாசைதான் அவர்களுக்குக் கர்க்கடக வாவு. ஊட்டு என்றால் சோறிடுதல். மாதாமாதம் அமாவாசையன்று அருவிப்புறத்துக்கு வந்தவர்களுக்கு இந்தச் சங்கம் சோறு போட்டது. அரசனின் ஊட்டுப்புரையில் இலை கிடைக்காதவர்கள் ஆற்றங்கரையில் தங்களுக்கென ஓர் ஊட்டு ஏற்படுத்திக்கொண்டார்கள் என்று இதைப் படிக்கலாம். அன்று பந்தியில் உட்கார்ந்தவர்கள் அப்படி நினைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது; அவர்களுக்கு அது பிதிர்களுக்குரிய நாளில் செய்யும் புண்ணியம். 1890களின் இறுதியில் இந்தக் குழு கோயில் நிர்வாகத்தையும் ஏற்று, அருவிப்புறம் க்ஷேத்திர யோகமாக வளர்ந்தது.

சோற்றுச் சங்கம் நாடு முழுதும் பரவிய அமைப்பாக மாறியதற்கு மருத்துவர் பல்பு காரணம். திருவனந்தபுரம் பேட்டையில் 1863இல் பிறந்தவர். திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்காமல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். படித்து முடித்து வந்தபோது சொந்த நாட்டில் வேலையும் கிடைக்கவில்லை. மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. அவருடைய அண்ணன் வேலாயுதன் பி.ஏ. தேறியும் அதே கதி. சென்னை அரசில் வேலைக்குப் போய் ராவ் பகதூர் பட்டம் வாங்கினார். 1896இல் 13,176 கையெழுத்துகளோடு திருவிதாங்கூர் அரசுக்கு ஈழவ மெமோரியல் என்ற மனுவைப் பல்பு முன்னின்று கொடுத்தார். அரசுப் பள்ளிகளில் சேர்க்கையும் அரசு வேலையும் அதில் கேட்கப்பட்டவை. பலன் இல்லை. மனுக்களால் ஆகாது, மக்கள் ஏற்கும் ஒரு துறவியின் பின்னால் சங்கம் சேர வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பல்பு வந்துசேர்ந்தார். மைசூரில் விவேகானந்தரைச் சந்தித்தபோது கிடைத்த யோசனை அது என்பார்கள். எப்படியோ, அவர் கண் அருவிப்புறத்தின் மேல் விழுந்தது.

1903 ஜனவரியில் திருவனந்தபுரம் கமலாலயம் பங்களாவில் குருவின் தலைமையில் கூட்டம் நடந்தது. கோயில் யோகத்தை விரிவாக்க முடிவாயிற்று. அந்த ஆண்டு மே 15 அன்று சங்கம் பதிவானது. திருவிதாங்கூரின் கொல்லம் 1063ஆம் ஆண்டு ஒன்றாம் எண் சட்டம், அதாவது கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானதுதான் விநோதம். வணிக நிறுவனங்களுக்காக வந்த சட்டம் அது. ஒரு துறவி நிரந்தரத் தலைவராக, ஒரு கவிஞர் செக்ரட்டரியாக, தர்மம் செய்வதற்காக ஒரு கம்பெனி! கணக்கு எழுதி, ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் வாசித்து, உறுப்பினர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தை அந்தச் சட்டம் கொண்டுவந்தது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அருவிப்புறப் பிரதிஷ்டை நடந்த 1888 சிவராத்திரியும் கொல்லம் 1063ஆம் ஆண்டில்தான் வருகிறது.

அந்தச் செக்ரட்டரி குமாரன் ஆசான். 1919 வரை பதினாறு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். மலையாளக் கவிதையைத் திருப்பிப்போட்டவர் என்று பெயர் பெற்றவர். யோகத்துக்கு அவர் செய்தது பெரும்பாலும் கடிதம் எழுதுவது, சந்தா சேர்ப்பது, ஊர் ஊராகப் போவது. 1904இல் 'விவேகோதயம்' பத்திரிகையைத் தொடங்கினார். திருவிதாங்கூரின் மக்கள் பிரதிநிதிகள் சபையான ஸ்ரீமூலம் பிரஜாசபையில் உறுப்பினராக இருந்து பள்ளிச் சேர்க்கை பற்றிப் பேசினார். யோகத்தின் இரண்டாம் ஆண்டு விழா 1905 ஜனவரியில் கொல்லத்தில் நடந்தபோது கூடவே தொழிற் பொருட்காட்சியும் வைத்தார்கள். தறியும் கயிறும் கைவினையும் பந்தலுக்குள் வந்தன. சாமியார் பெயரில் உள்ள சங்கத்தின் விழாவில் பஜனைக்குப் பக்கத்தில் கைத்தொழில் என்பது அன்று புதிது.

யோகம் பரப்பிய நெறிகளில் தத்துவத்தைவிட வீட்டுக் கணக்கு முன்னே நின்றது. ஈழவர் வீடுகளில் பெண் பிள்ளைக்கு மூன்று சடங்குகள் பெரிய செலவு. பருவமடையும் முன்பே நடத்தும் தாலிகெட்டுக் கல்யாணம் ஒன்று. தாலி கட்டியவருக்கும் பிறகு அவள் வாழப்போகும் கணவனுக்கும் தொடர்பே இருக்காது. அடுத்தது திரண்டுகுளி, நம் மஞ்சள் நீராட்டு போன்றது. மூன்றாவது கருவுற்றவளுக்குச் செய்யும் புளிகுடி. மூன்றுக்கும் ஊரைக் கூட்டிப் பந்தி போட வேண்டும். நிலம் அடமானம் போகும். இவற்றை நிறுத்தும்படி குரு சொன்னார். திருமணத்தையும் சுருக்கினார். மணமக்கள் இருவர், இருவரின் பெற்றோர் நால்வர், தோழனும் தோழியும் இருவர், புரோகிதர் ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர்: ஆகப் பத்துப் பேர் போதும் என்பது அவர் போட்ட கணக்கு. மிச்சமாகும் பணம் அந்தப் பிள்ளைகளுக்கே. தர்மம் என்பதற்கு அவர் கொடுத்த முதல் பாடம், கடன் வாங்கி ஊருக்குச் சோறு போடாதே என்பதாக இருந்தது. அமாவாசை ஊட்டில் தொடங்கிய சங்கம் பதினைந்து ஆண்டுகளில் விருந்துக்கு எதிராகப் பேசும் நிலைக்கு வந்திருந்தது.

மது விஷயம் இதைவிடச் சிக்கல். கள் இறக்குவது சமூகத்தில் ஒரு பகுதியினரின் குலத்தொழில். 1920இல் தம் பிறந்தநாள் செய்தியில் குரு மதுவை விஷம் என்றே சொன்னார்; உண்டாக்காதே, கொடுக்காதே, குடிக்காதே என்ற மூன்றும் அதில் இருந்தன. குடிப்பவனை மட்டும் கண்டித்திருந்தால் சங்கத்துக்குள் யாருக்கும் வலித்திருக்காது. 'உண்டாக்காதே' என்றது சோற்றுப் பானையில் கைவைத்த சொல். செய்தியைப் போற்றிய கூட்டங்களுக்கு ஆள் குறையவில்லை, கள்ளுக்கடைகளும் குறையவில்லை.

கோயில்களில் சேரும் பணத்துக்கும் குரு ஒரு போக்கு வகுத்தார். உண்டியல் காசு ஏழைகளுக்குப் பயன்பட வேண்டும், படிப்புக்குப் போக வேண்டும் என்றார். 1917இல் இனிக் கோயில் கட்டுவதை ஊக்குவிக்க வேண்டாம், பள்ளிக்கூடமே முதன்மையான ஆலயமாக இருக்கட்டும் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அதற்குள் அவர் கையாலேயே பல கோயில்கள் எழுந்திருந்தன. பின்னர் நிறுவியவற்றில் சிலை மெல்ல மறைவதைக் காணலாம். திருச்சூர் அருகே காரமுக்கில் 1921இல் ஒரு விளக்கு. திருவனந்தபுரத்துக்கு வடக்கே முருக்கும்புழையில் 1922இல் ஒரு பிரபை: நடுவில் ஓம், சுற்றிலும் சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்ற எழுத்துகள். கருவறையில் கைகூப்புகிறவர் படித்துக் கும்பிட வேண்டிய தெய்வம் அது. எழுத்தறியாதவருக்குப் படிக்கக் கற்றுக்கொள்ள அதுவும் ஒரு காரணமாக இருந்தால் நல்லது.

சகோதரத்துவம் சோதனைக்கு வந்தது சங்கத்துக்குள்ளேதான். ஈழவருக்கு மேல் சாதியார் செய்ததை ஈழவர் புலையருக்கும் பறையருக்கும் செய்தார்கள். உறுப்பினர் கூடக் கூட, யோகம் ஒரு சாதியின் குரலாக ஒலிக்கத் தொடங்கியது. குரு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 1916 மே 22 அன்று பல்புவுக்குக் கடிதம் எழுதினார். யோகம் தம்மைக் கேட்காமலே தீர்மானங்கள் போடுகிறது, தம் காரியங்களில் அதற்குச் சற்றும் அக்கறை இல்லை, சாதி அபிமானம் வளர்கிறது. ஆகவே மனத்தால் முன்பே விட்டதை இப்போது சொல்லாலும் செயலாலும் விடுகிறேன் என்பது கடிதத்தின் சாரம். அதே ஆண்டு, தாம் எந்தச் சாதியையும் மதத்தையும் சேர்ந்தவர் அல்லர் என்ற அறிவிப்பையும் வெளியிட்டார். தம் பெயரைத் தாங்கிய சங்கத்தைத் தலைவரே எழுத்தில் துறந்த நிகழ்ச்சி இது. சங்கமோ அவர் பெயரை விடவில்லை.

அடுத்த ஆண்டு குருவின் சீடர் ஒருவர் சகோதரத்துவம் என்ற அந்தச் சொல்லைப் பந்திக்குக் கொண்டுபோனார். 1917 மே 29 அன்று எர்ணாகுளத்துக்கு அருகே செறாயியில் அய்யப்பன் என்ற இளைஞர் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்கார்த்திச் சாப்பிட வைத்தார். 'மிச்ரபோஜனம்' என்று அதைச் சொல்வார்கள். எதிர்த்தவர்கள் முதலில் அவருடைய சொந்த சாதியார். 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். அவர் தொடங்கிய சகோதர சங்கத்தாலும் 'சகோதரன்' பத்திரிகையாலும் சகோதரன் அய்யப்பன் என்ற பெயர் நிலைத்தது. எதிர்ப்பு வலுத்தபோது குரு அவர் பக்கம் நின்றார். மனிதருக்கு மதமும் உடையும் மொழியும் எப்படி இருந்தாலும் சாதி ஒன்றுதான் என்பதால், கலந்து உண்பதிலும் கலந்து மணப்பதிலும் குற்றமில்லை என்று எழுதிக்கொடுத்தார். தென் திருவிதாங்கூரில் இதற்கு முன்னோடி உண்டு. 1830களிலேயே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் சமபந்தியும் சமத்துவ சமாஜமும் நடத்தியிருந்தார். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் அய்யன்காளி 1907இல் தொடங்கிய சாதுஜன பரிபாலன சங்கத்தின் பெயரிலேயே 'பரிபாலனம்' இருப்பதையும் கவனிக்கலாம்.

வைக்கம் போராட்டம் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை; பெரியாரின் பங்கைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 1924இல் அங்கே குருவின் வெல்லூர் மடம் சத்தியாகிரகிகள் தங்கும் இடமாயிற்று. போராட்டத்தை முன்னெடுத்த டி.கே. மாதவன் யோகத்தின் ஆள். பின்னர் அதன் அமைப்புச் செயலாளராக ஊர் ஊராகக் கிளைகள் தொடங்கினார். ஊர்க் கிளைக்கு 'சாகா' என்றும் பல சாகாக்கள் சேர்ந்ததற்கு 'யூனியன்' என்றும் பெயர். அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபோது குரு மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறைவுக்குச் சில மாதம் முன்பு, 1928 ஜனவரி 16 அன்று, கோட்டயம் நாகம்படத்தில் ஓய்வில் இருந்தவரிடம் அன்பர்கள் இருவர் வந்தார்கள். குருவின் மடம் இருந்த வர்க்கலை சிவகிரிக்கு ஆண்டுதோறும் யாத்திரை போக அனுமதி வேண்டும் என்றார்கள். எதற்கு என்று கேட்ட குரு, கல்வி, தூய்மை, பக்தி, சங்கம், உழவு, வணிகம், கைத்தொழில், தொழிற்பயிற்சி என எட்டு நோக்கங்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் அறிந்தவர்களைப் பேச வைத்துக் கேட்க வேண்டும் என்றார். உடை மஞ்சளாக இருக்கட்டும் என்றார். உடனே ஒரு எச்சரிக்கை: மஞ்சள் பட்டு வாங்க ஓடக்கூடாது, இருக்கும் வேட்டியை மஞ்சள் தண்ணீரில் முக்கினால் போதும். 1932 டிசம்பரில் இலவும்திட்டையிலிருந்து முதல் யாத்திரை புறப்பட்டபோது ஐந்து பேர்தான் நடந்தார்கள். இப்போது ஆண்டுக் கடைசி நாட்களில் வர்க்கலை வழியெங்கும் மஞ்சள் வேட்டிகள். பலர் கடையில் புதிதாக வாங்கியவை.

பள்ளிக்கூடமே ஆலயம் என்ற சொல்லைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஆர். சங்கர். 1940களில் யோகத்தின் பொதுச் செயலாளராக இருந்து, ஊர் ஊராகப் பணம் திரட்டி 1948இல் கொல்லத்தில் ஸ்ரீ நாராயணக் கல்லூரியைத் தொடங்கினார். 1952இல் கல்லூரிகளை நடத்த எஸ்.என். டிரஸ்ட் அமைந்தது. 1960களில் வர்க்கலைக்கும் குரு பிறந்த செம்பழந்திக்கும் கல்லூரிகள் வந்தன. சங்கரே 1962இல் கேரள முதலமைச்சர் ஆனார். யோகத்துக்கு அரசியல் செல்வாக்கு வந்ததும், யோகத்துக்குள் அரசியல் வந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்த பழைய முடிவு அதன்பின் ஓயாமல் நீதிமன்றம் ஏறியது. உறுப்பினர் இலட்சக்கணக்கில் பெருகியதால், இருநூறு பேருக்கு ஒரு பிரதிநிதி வாக்களிக்கும் முறை நடப்பில் இருந்தது. 2022 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது.

குரு தம் சொத்துகளைத் தம் துறவிச் சீடர்களுக்கு எழுதிவைத்தார். அவர்களுடைய தர்ம சங்கம் 1928இல் அமைந்தது. அதனால் வர்க்கலை சிவகிரியும், முதல் அமாவாசைச் சோறு வெந்த அருவிப்புறமும் இன்று துறவிகளின் தர்ம சங்கத்தின் கையில் உள்ளன. அங்கே பிறந்த யோகத்தின் தலைமையகம் கொல்லத்தில் இருக்கிறது.

(அடுத்த பகுதியில்: வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்துப் பள்ளி கட்டிய நாயர் சங்கம்.)